வாயைத் திறந்து காட்டினால் போதும்: பொம்மசந்திராவிலிருந்து ஒரு வருமுன் காக்கும் ஆய்வு

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், எலக்ட்ரானிக் சிட்டியைக் கடந்ததும் வருவது பொம்மசந்திரா. 2025 ஆகஸ்டில் நம்ம மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் திறக்கப்பட்டபோது, ஆர்.வி. சாலையில் தொடங்கும் அந்த 19 கிலோமீட்டர் பாதையின் கடைசி நிலையம் என்ற அளவில் இவ்வூரின் பெயர் நாளிதழ்களில் அடிபட்டது. தமிழ்நாட்டு எல்லையோர மக்களுக்கோ இது முன்பே நன்கு அறிமுகமான ஊர். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களிலிருந்து பிழைப்புக்காக வந்தவர்கள் இங்குள்ள தொழிற்பேட்டையில் வேலை செய்கிறார்கள். இதய நோய்க்காக வருவோர் நாராயணா மருத்துவமனையின் வாசலில் இறங்குகிறார்கள்.

மருத்துவர் தேவி ஷெட்டி 2000ஆம் ஆண்டில் நிறுவிய அந்த மருத்துவமனையின் வளாகத்திலேயே, பயோகான் நிறுவனர் கிரண் மஜும்தார் ஷாவின் பங்களிப்புடன் 2009இல் மஜும்தார் ஷா புற்றுநோய் மையம் தொடங்கப்பட்டது. அங்கே நடக்கும் அறுவைச் சிகிச்சைகளைப் பற்றி எழுதுவது நமது நோக்கம் அன்று. நோயாளி அந்த வாசலை மிதிக்க வேண்டிய நிலையே வராமல் தடுப்பது எப்படி என்று அம்மையத்தினர் மேற்கொண்ட ஆய்வொன்றைப் பற்றியே எழுத விரும்புகிறோம். கட்டில்கள் நிரம்புவதால் வாழும் ஒரு மருத்துவமனை, கட்டில் தேவைப்படாத நிலைக்காக ஆராய்ச்சி செய்கிறது என்பதே நம்மை முதலில் ஈர்த்தது.

ஆய்வின் பொருள் வாய்ப்புற்றுநோய். பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இந்தியாவில் அந்த ஓராண்டில் மட்டும் ஏறக்குறைய 1,43,000 பேருக்கு உதடு, வாய்ப் பகுதிப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறக்குறைய 80,000 பேர் அதனால் இறந்தனர். இந்திய ஆண்களிடையே காணப்படும் புற்றுநோய்களில் முதலிடம் இதற்கே. நுரையீரலோ குடலோ அல்ல, வாய்! கண்ணாடி முன் நின்றால் நாமே பார்த்துக்கொள்ளக்கூடிய ஓர் உறுப்பில் வரும் நோய் இத்தனை உயிர்களைப் பறிப்பது விந்தையாகவே தோன்றுகிறது.

காரணம் யாருக்கும் தெரியாததன்று. 2016–17இல் நடத்தப்பட்ட தேசிய அளவிலான புகையிலைப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் வயது வந்தோரில் 28.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்துகின்றனர். புகைப்பதைவிட மெல்லுவதும் அடக்கிக்கொள்வதுமே இங்கு அதிகம், 21.4 விழுக்காட்டினர் புகையில்லாப் புகையிலைப் பழக்கம் உடையவர்கள். தமிழ்நாட்டில் மொத்தப் பயன்பாடு 20 விழுக்காடு, கர்நாடகத்தில் 22.8 விழுக்காடு. இரு மாநிலங்களும் 2013இல் குட்காவைத் தடை செய்தன. தடைக்குப் பிறகும் பொட்டலங்கள் எங்கே கிடைக்கின்றன என்பதைத் தொழிற்பேட்டைப் பக்கத்துப் பெட்டிக்கடைகளில் நின்று தேநீர் அருந்திய எவருக்கும் நாம் சொல்லத் தேவையில்லை.

வெறும் பாக்கைப் பற்றியும் இங்கே ஒரு சொல் சொல்லியாக வேண்டும். "நான் புகையிலை போடுவதில்லை, வெற்றிலை பாக்கு மட்டும்தான்" என்று சொல்லும் பெரியவர்கள் நம் வீடுகளில் நிறைய உண்டு. மேற்சொன்ன பன்னாட்டு முகமை, பாக்கு தன்னளவிலேயே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று 2004இல் வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்திவிட்டது. பாக்கைத் தொடர்ந்து மெல்லுவோருக்குக் கன்னத்தின் உட்புறத் தசை நார் நாராக இறுகி, நாளடைவில் வாயைத் திறப்பதே கடினமாகிவிடும். மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் நுழைக்க முடியவில்லை என்றால் அது கவனிக்கப்பட வேண்டிய அடையாளம். தாம்பூலம் மங்கலப் பொருள்தான். தட்டில் வைத்துக் கொடுப்பதில் எவ்விதக் கேடும் இல்லை.

பழைய ஆய்வொன்று

1966இல் டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பாலி மேத்தாவும் அவருடைய குழுவினரும் ஒரு பெரும்பணியைத் தொடங்கினர். எர்ணாகுளம், ஸ்ரீகாகுளம், பாவ்நகர், சிங்பூம், தர்பங்கா ஆகிய ஐந்து மாவட்டங்களின் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று 50,915 பேரின் வாயைப் பரிசோதித்தனர். பின்னர் அவர்களில் பலரை மீண்டும் தேடிச் சென்று பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். கைப்பேசியோ கணினியோ இல்லாத காலத்தில், வேலைக்குப் போனவரையும் ஊர் மாறியவரையும் விடாமல் பதிவேட்டில் தொடர்வது எத்தகைய உழைப்பு என்பது, பதிவேடுகளோடு வாழும் எங்களைப் போன்ற வங்கியாளர்களுக்குச் சற்றுக் கூடுதலாகவே புரிகிறது.

அந்த உழைப்பில் கிடைத்த செய்தி இதுதான்: வாய்ப்புற்றுநோய் பெரும்பாலும் திடீரென்று தோன்றுவதில்லை. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, துடைத்தால் போகாத வெண்படலம், சிவந்த திட்டு, மேற்சொன்ன தசை இறுக்கம் ஆகியவற்றில் ஒன்று வாயில் இருந்திருக்கிறது. இருந்தவர்கள் ஏறத்தாழ அனைவரும் புகையிலைப் பழக்கம் உடையவர்கள். இக்குழுவினரே 1977 முதல் 36,000க்கும் மேற்பட்ட புகையிலைப் பயன்பாட்டாளர்களிடம் நேரடி அறிவுரையும் திரைப்படங்களும் வானொலி நிகழ்ச்சிகளும் வழியாகப் பழக்கத்தைக் கைவிடச் செய்ய முயன்றனர். பழக்கத்தை நிறுத்தியோரிடமும் குறைத்தோரிடமும் புதிய வெண்படலங்கள் தோன்றுவது குறைந்ததைக் கண்டறிந்து, 1986இல் வெளியிட்டனர்.

ஆக, முன்னறிவிப்பு இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரிகிறது. நீண்ட கால அவகாசமும் தருகிறது. அப்படியானால் பரிசோதித்தால் உயிர் பிழைக்குமா? இக்கேள்வி எளிதாகத் தோன்றும், ஆனால் விடை எளிதன்று. பரிசோதனைக்கு முன்வருபவர்கள் பொதுவாகவே உடல்நலத்தில் அக்கறை உடையவர்கள். அவர்கள் நீண்ட காலம் வாழ்ந்தால் அது பரிசோதனையின் பயனா, அக்கறையின் பயனா என்று பிரித்தறிய முடியாது. முறையான ஒப்பீடு வேண்டும்.

பதின்மூன்று ஊராட்சிகள்

அந்த ஒப்பீடு நடந்த இடம் திருவனந்தபுரம் மாவட்டம். மண்டலப் புற்றுநோய் மையத்தில் பணியாற்றிப் பின்னர் பிரான்சின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டு முகமைக்குச் சென்ற மருத்துவர் ரெங்கசாமி சங்கரநாராயணன் அதற்குத் தலைமையேற்றார். 1996இல் தொடங்கிய இந்த ஆய்வில் 13 ஊராட்சிகள் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டன. ஏழில் 35 வயது நிறைந்தோருக்கு மூன்று சுற்றுகளாக வாய்ப் பரிசோதனை. மீதி ஆறில் வழக்கமான மருத்துவ வசதி மட்டும். பரிசோதனைக் குழுவில் 96,517 பேர், ஒப்பீட்டுக் குழுவில் 95,356 பேர். இரண்டையும் கூட்டினால் ஒரு நடுத்தர நகரத்தின் மக்கள்தொகை.

பரிசோதித்தவர்கள் மருத்துவர்கள் அல்லர் என்பதே இதன் சிறப்பு. மருத்துவம் சாராத பாடங்களில் பட்டம் பெற்ற இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து, விளக்குடன் வீடு வீடாக அனுப்பினார்கள். எங்களைப் போல வணிகவியல் படித்தவர்களும் அவர்களுள் இருந்திருக்கலாம் என்று எண்ணிப் பார்ப்பதில் நமக்கொரு மகிழ்ச்சி.

ஆய்வின் முடிவு 2005இல் 'லான்செட்' இதழில் வெளியானது. பரிசோதனை நடந்த ஊராட்சிகளில் 205 பேருக்குப் புற்றுநோய் கண்டறியப்பட்டு 77 பேர் இறந்தனர். ஒப்பீட்டு ஊராட்சிகளில் 158 பேருக்கு நோய் கண்டறியப்பட்டு 87 பேர் இறந்தனர். முதல் குழுவில் நோய் கூடுதலாகக் கண்டறியப்பட்டும் இறப்பு குறைந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். தேடியதால் கிடைத்தது, முன்கூட்டியே கிடைத்ததால் உயிர் தங்கியது. எல்லா மக்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் இறப்பு வீதத்தில் ஏற்பட்ட குறைவு தற்செயலாகவும் இருக்கக்கூடும் என்று ஆய்வாளர்களே ஒப்புக்கொண்டனர். ஆனால் புகையிலையோ மதுவோ இரண்டுமோ பழக்கமுடையவர்களை மட்டும் எடுத்துக்கொண்டபோது இறப்பு வீதம் 34 விழுக்காடு குறைந்திருந்தது. அது தற்செயல் அன்று. யாரைத் தேடிச் செல்ல வேண்டும் என்பதையும் அந்த எண்ணே சொல்லிவிட்டது.

செலவும் கணக்கிடப்பட்டது. ஒருவரைப் பரிசோதிக்க ஆறு அமெரிக்க டாலருக்கும் குறைவாகவே ஆயிற்று. ஒருவருடைய வாழ்நாளில் ஓர் ஆண்டைக் கூடுதலாகப் பெற்றுத்தர ஆகும் செலவு, எல்லோரையும் பரிசோதித்தால் 835 டாலர். பழக்கமுடையவர்களை மட்டும் பரிசோதித்தால் 156 டாலர். 2009இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியான இக்கணக்கைப் பார்த்தபோது, இத்தனை குறைந்த முதலீட்டில் இத்தனை வருவாய் தரும் திட்டத்தை எந்தக் கடன் குழுவும் திருப்பி அனுப்பாது என்றே எங்களுக்குத் தோன்றியது.

இருப்பினும் அந்த அறிக்கையில் நம்மை அதிகம் உறுத்திய எண் வேறு. மூன்று சுற்றுகளிலும் சேர்த்து 5,145 பேரிடம் ஐயத்துக்கிடமான மாற்றம் காணப்பட்டு, மருத்துவரிடம் போகும்படி சொல்லப்பட்டது. போனவர்கள் 3,218 பேர். மற்ற 1,927 பேர் போகவில்லை. நாட்டிலேயே கல்வியில் முன்னிற்கும் மாநிலத்தில், வீட்டுக்கே வந்து பார்த்துச் சொன்ன பிறகும், பத்தில் ஏறத்தாழ நான்கு பேர் போகவில்லை. வலி இல்லை, ஒரு நாள் கூலி போகும், பெயரைச் சொன்னாலே அச்சம், வீட்டில் யாரிடமும் சொல்ல விருப்பமில்லை. இவையெல்லாம் காரணங்களாக இருந்திருக்கும் என்பதை ஊகிக்க மருத்துவ அறிவு வேண்டாம். தவணை தவறிய கணக்குக்கு நினைவூட்டல் அனுப்பியும் வாடிக்கையாளர் கிளைப் பக்கமே வராதிருப்பதற்கான காரணங்களும் பெரும்பாலும் இவையே.

கைப்பேசியோடு செல்லும் பணியாளர்

பொம்மசந்திரா ஆய்வு வந்து சேரும் இடம் இதுதான். வீட்டுக்கு வருபவர் பார்ப்பது ஒன்று. சிறப்பு மருத்துவர் உட்கார்ந்திருக்கும் இடம் வேறொன்று. நடுவில் உள்ள தொலைவில்தான் நோயாளிகள் காணாமல் போகிறார்கள். நோயாளி மருத்துவரிடம் போகாவிட்டால் அவர் வாயின் படமாவது போகட்டும் என்று மஜும்தார் ஷா மையத்தின் தலை–கழுத்துப் புற்றுநோய் அறுவை மருத்துவர் மோனி ஆபிரகாம் குரியாகோஸ், பெங்களூரு கே.எல்.இ. பல் மருத்துவக் கல்லூரியின் பிரவீண் பிரூர் ஆகியோரும் பயோகான் அறக்கட்டளையும் இணைந்து ஒரு முறையை உருவாக்கினர்.

நலப்பணியாளரின் கையில் ஒரு கைப்பேசி. அதில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான 'சானா' என்னும் திறந்தநிலை மென்பொருள். பணியாளர் முதலில் பழக்கவழக்கங்களைக் கேட்டுப் பதிகிறார். பிறகு வாயின் பகுதிகளைப் படமெடுத்து அனுப்புகிறார். மருத்துவமனையில் இருக்கும் நிபுணர் அவற்றைப் பார்த்து, இவருக்கு ஒன்றுமில்லை, இவரைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும், இவருக்குத் திசுப் பரிசோதனை தேவை என்று அதே வழியில் பதில் அனுப்புகிறார்.

இதை இரண்டு விதமாக நடத்திப் பார்த்தார்கள். ஊர்ப்புறத்தில் நலப்பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று 2,000 பேரையும், பணியிடங்களில் பல் மருத்துவர்கள் 1,440 பேரையும் பரிசோதித்தனர். 2015இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான முடிவில், பல் மருத்துவர்களின் கணிப்பு நிபுணரின் கணிப்போடு முழுமையாகப் பொருந்தியது. நலப்பணியாளர்களின் கணிப்போ பாதியளவுகூடப் பொருந்தவில்லை. இதை மறைக்காமல் வெளியிட்டதை நாம் மதிக்கிறோம். பணியாளரின் கண் இன்னும் பழக வேண்டியிருந்தது; ஆனால் படம் நிபுணரிடம் போய்விடுவதால் தவறான கணிப்பு அங்கேயே திருத்தப்பட்டது. காசாளர் ஒருவர் எண்ணிய கட்டை இன்னொருவர் சரிபார்ப்பது போன்ற ஏற்பாடுதான் இது.

சாதாரண கைப்பேசிப் படத்தில் எல்லாம் தெரிவதில்லை. நாக்கின் அடிப்புறமும் கடைவாயின் பின்பகுதியும் இருண்டே கிடக்கும். எனவே அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழக ஒளியியல் ஆய்வாளர்களோடு சேர்ந்து, கைப்பேசியில் பொருத்தக்கூடிய சிறு கருவி ஒன்று வடிவமைக்கப்பட்டது. வெள்ளொளியில் ஒரு படம். நீலச்சாயல் ஒளியைப் பாய்ச்சித் திசு தானே உமிழும் மெல்லிய ஒளியில் இன்னொரு படம். நலமான திசு ஒருவிதமாக ஒளிரும்; மாற்றமடைந்த திசு அவ்விடத்தில் மங்கித் தெரியும். இவ்விரு படங்களையும் ஒப்பிட்டு ஐயத்துக்குரியதைத் தரம்பிரிக்கக் கணினிக்குக் கற்பிக்கும் முயற்சி 2018 முதல் ஆய்விதழ்களில் வெளிவரத் தொடங்கியது. மெல்லிய தூரிகையால் புண்ணைத் தேய்த்து எடுத்த செல்களை, எடுத்துச் செல்லக்கூடிய நுண்ணோக்கியில் படமாக்கித் தொலைவிலிருந்தே ஆராயும் இன்னொரு முயற்சியும் இதே குழுவினருடையது. கத்தி வைப்பார்களோ என்ற அச்சத்தில் திசுப் பரிசோதனையைத் தவிர்ப்பவர்களுக்கு இது உதவக்கூடும்.

கருவிகளைப் பற்றி நாளிதழ்களில் வியப்போடு எழுதப்படுகிறது. நமது எண்ணத்தில், கருவியைவிடப் பெரிய முன்னேற்றம், பரிசோதனையைத் தொழிற்கூடத்தின் வாசலுக்கே கொண்டுசென்றதுதான். கூலி இழக்காமல், பேருந்து ஏறாமல், இடைவேளையில் சில நிமிடம் ஒதுக்கினால் முடிந்துவிடுகிறது. மேத்தாவின் குழு 1966இல் கண்டதும் இதையே: மக்கள் வரமாட்டார்கள், நாம் போக வேண்டும்.

ஐந்து ரூபாயில் தொடங்கிய காப்பீடு

இதே பொம்மசந்திரா வளாகத்திலிருந்து பிறந்த இன்னொரு யோசனை வங்கித்துறையினர் நன்கு அறிந்தது. மருத்துவர் தேவி ஷெட்டியின் முயற்சியும் கர்நாடகக் கூட்டுறவுத் துறையின் ஒத்துழைப்பும் சேர்ந்து 2003இல் நடைமுறைக்கு வந்த 'யசஸ்வினி' திட்டம். கூட்டுறவுச் சங்க உறுப்பினரான விவசாயி மாதம் ஐந்து ரூபாய் கட்டினால், தேவைப்படும்போது பட்டியலில் உள்ள அறுவைச் சிகிச்சைகள் கட்டணமின்றிச் செய்யப்படும். முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ 16 லட்சம் பேர் சேர்ந்தனர். பின்னாளில் வேறு திட்டத்தோடு இணைக்கப்பட்டு, 2022இல் மீண்டும் உயிர்பெற்றது.

அது பெருஞ்சாதனை என்பதில் ஐயமில்லை. ஆனால் காப்பீடு என்பது நோய் வந்தபின் பணம் தருவது. அறுவைச் சிகிச்சைக்குப் பணம் உண்டு. வாயைத் திறந்து பார்ப்பதற்குப் பணம் ஒதுக்குவாரில்லை. இது அந்த ஒரு திட்டத்தின் குறையன்று; பெரும்பாலான காப்பீடுகளின் இயல்பு. நடந்த சிகிச்சைக்கு ரசீது உண்டு, பயனாளி உண்டு. நடக்காமல் தடுக்கப்பட்ட நோய்க்கு ரசீதும் இல்லை, நன்றி சொல்ல ஆளும் இல்லை. எந்தப் பேரேட்டிலும் வரவு வைக்க முடியாத ஆதாயம் அது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வொன்று 2017–18ஆம் ஆண்டில் 35 வயதுக்கு மேற்பட்டோரிடையே புகையிலை விளைவித்த நோய்களாலும் இறப்புகளாலும் இந்தியாவுக்கு ஏற்பட்ட இழப்பை ரூ.1,77,341 கோடி என்று மதிப்பிட்டது. நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் ஒரு விழுக்காட்டுக்குச் சற்று மேல். எங்கள் கிளைகளில் முதிர்வுக்கு முன்பே முடிக்கப்படும் வைப்புகளும், அவசரமாக எடுக்கப்படும் நகைக்கடன்களும் அந்தத் தொகையின் சிறு துளிகள். மகளின் திருமணத்துக்கென்று போட்ட வைப்பை மருத்துவச் செலவுக்காக முடிக்க வருபவரிடம் வட்டிக் குறைப்பு எவ்வளவு என்று விளக்குவது எங்கள் பணியின் மிகக் கடினமான பகுதி.

வாடிக்கையாளர்களுக்குப் பயன்படக்கூடிய சில செய்திகள் உண்டு. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80டி பிரிவில், 2012இல் செய்யப்பட்ட திருத்தத்தின் வழியே, வருமுன் காக்கும் உடல் பரிசோதனைக்கு ரூ.5,000 வரை கழிவு பெறும் வசதி வந்தது. இது காப்பீட்டுக்கான மொத்த வரம்பான ரூ.25,000க்குள் அடங்கியது, மூத்த குடிமக்களுக்கு வரம்பு ரூ.50,000. காப்பீட்டுப் பிரீமியத்தை ரொக்கமாகக் கட்டினால் கழிவு கிடையாது. பரிசோதனைக் கட்டணத்தை மட்டும் ரொக்கமாகவும் செலுத்தலாம். பழைய வரி முறையில் இருப்போருக்கே இச்சலுகை. தனிநபர் மருத்துவக் காப்பீட்டின் மீதான 18 விழுக்காடு சரக்கு–சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டுவிட்டது என்பதையும் நினைவூட்டுகிறோம். காப்பீடு எடுக்கும்போது புகையிலைப் பழக்கம் பற்றிய கேள்விக்கு உண்மையை எழுதுவது முக்கியம். மறைத்து எழுதி, பின்னர் அதே பழக்கத்தால் வந்த நோய்க்குத் தொகை கோரும்போது அது மறுக்கப்படலாம். குடும்பம் அதிகம் தளர்ந்திருக்கும் நேரத்தில்தான் அந்த மறுப்புக் கடிதம் வந்து சேரும்.

முழு உடல் பரிசோதனை என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் செலவழிப்போர் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். இரத்தம், சிறுநீர், இதயத்துடிப்பு வரைபடம், வயிற்று ஸ்கேன் எல்லாம் பட்டியலில் இருக்கும். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பவர் பெரும்பாலும் இருக்கமாட்டார். கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது.

எல்லையின் இந்தப் பக்கம்

அரசுகள் சும்மா இருந்துவிடவில்லை. வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்கும் 30 வயது முதல் 65 வயது வரை உள்ளோரைப் பரிசோதிப்பதற்கான வழிகாட்டு நெறிகளை மத்திய சுகாதார அமைச்சகம் 2016இல் வெளியிட்டது. ஆயினும் 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 0.9 விழுக்காட்டினரும் ஆண்களில் 1.2 விழுக்காட்டினரும் மட்டுமே வாழ்நாளில் ஒருமுறையேனும் வாய்ப் பரிசோதனை செய்துகொண்டதாகக் கூறினர். நூறு பேரில் ஒருவர். திருவனந்தபுரம் ஆய்வு முடிவு வெளியாகிப் பதினான்கு ஆண்டுகள் கடந்த பிறகு தொடங்கிய கணக்கெடுப்பு அது.

பொம்மசந்திராவிலிருந்து எல்லை தாண்டினால் கிருஷ்ணகிரி மாவட்டம். அங்குள்ள சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்தை வீட்டுக்கே கொண்டுசெல்லும் திட்டமாக அது பரவலாக அறியப்பட்டது. 2023 நவம்பரில் ஈரோடு, கன்னியாகுமரி, இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய நான்கு மாவட்டங்களில் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு மக்களை வீடு தேடிச் சென்று அழைக்கும் முன்னோடித் திட்டமும் தொடங்கியது.

நம் மாநிலத்துக்கு இத்துறையில் ஒரு முன்வரலாறும் உண்டு. திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையிலுள்ள கிறித்தவ ஐக்கிய சமூக நல மையத்தில், அதே சங்கரநாராயணன் குழுவினர் 2000 முதல் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான ஆய்வை நடத்தினர். விலையுயர்ந்த கருவி எதுவுமின்றி, நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்த்துக் கண்டறியும் முறை. பயிற்சி பெற்ற செவிலியர்களே பரிசோதித்தனர். 2007இல் வெளியான முடிவின்படி நோய் தோன்றுவது 25 விழுக்காடும், அதனால் ஏற்படும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்தன. உலகின் பல ஏழை நாடுகள் இம்முறையைப் பின்பற்ற அந்த முடிவும் ஒரு காரணம். திண்டுக்கல்காரர்களிலேயே எத்தனை பேர் இதை அறிவார்கள் என்று நாம் வியப்பதுண்டு.

தொழிற்பேட்டைகளைப் பொறுத்தவரை, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நாற்பது வயது கடந்த தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் இலவச உடல் பரிசோதனையை முன்வைக்கின்றன. நம் வாடிக்கையாளர்களில் சிறு தொழிற்கூடம் நடத்துவோர் பலர். பரிசோதனைக்கு முகாம் ஏற்பாடு செய்யும்போது ஒரு பல் மருத்துவரையும் சேர்த்து அழைத்தால் கூடுதல் செலவு மிகச் சிறிதே. அருகிலுள்ள பல் மருத்துவக் கல்லூரிகள் இத்தகைய முகாம்களுக்குத் தங்கள் மாணவர்களை அனுப்புவது வழக்கம். ஒரு கடிதம் எழுதிக் கேட்கலாம்.

தாமே பார்த்துக்கொள்ள விரும்புவோர் மாதம் ஒருமுறை, பல் துலக்கியபின், நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்றால் போதும். பொய்ப்பல் இருந்தால் கழற்றிவிட வேண்டும். உதடுகளை மடித்து உட்புறம், இரு கன்னங்களின் உட்புறம், ஈறுகள், நாக்கை நீட்டி மேற்புறம், ஒரு துணியால் பிடித்து இழுத்து இரு ஓரங்கள், நாக்கைத் தூக்கி அடிப்புறம், அண்ணாந்து மேலண்ணம் என்று வரிசையாகப் பார்க்கலாம். புகையிலையை எந்தப் பக்கம் அடக்கும் வழக்கமோ அந்தப் பக்கத்தை இருமுறை பார்க்க வேண்டும். துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டு, செந்நிறத் திட்டு, இரண்டு மூன்று வாரங்களாகியும் ஆறாத புண், காரணமின்றி ஆடும் பல், காரம் பட்டால் எரிச்சல், வாய் திறப்பதில் இறுக்கம், கழுத்தில் கட்டி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் பல் மருத்துவரிடமோ அரசு மருத்துவமனையிலோ காட்ட வேண்டும். இவற்றில் பெரும்பாலானவை புற்றுநோயாக இருப்பதில்லை. வலி இல்லை என்பதை மட்டும் நல்ல அடையாளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது; தொடக்க நிலையில் அது பெரும்பாலும் வலிப்பதில்லை.